பேராயர் வருவதற்கு முன்

சென்னைப் பேராயத்தின் புறநகர்க் கோயில்கள் பலவற்றில் வாசலையொட்டிய சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருப்பார்கள். அடிக்கல் நாட்டிய பேராயர் யார், பிரதிஷ்டை செய்தவர் யார், அப்போதைய குருவானவர், செயலர், பொருளாளர் யார் யார், தேதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். சபையின் பிறந்தநாள் அந்தத் தேதிதான் என்று பிள்ளைகள் நம்பி வளர்கிறார்கள். எனக்கு இதில் நீண்ட நாளாக ஒரு மறுப்பு உண்டு. அந்தக் கல் வருவதற்குப் பல வருஷம் முன்பே சபை இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில், மொட்டைமாடியில் இறக்கிய தகரக் கொட்டகையில், ஞாயிறு காலை மட்டும் வாடகைக்குக் கிடைத்த பள்ளிக்கூட வகுப்பறையில் கூடிப் பாடி, சண்டை போட்டு, சமாதானமாகி, காணிக்கை எண்ணிய பிறகே பேராயர் வருகிறார். அவர் வந்து தொடங்கி வைப்பதாகச் சொல்வது மரியாதைக்காகத்தான்.

ஆவடிக்கு வடக்கே, வெள்ளானூர்ப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவுக்குப் பெயர் வருவதற்குள் வீடுகள் எழும்பிவிடுகிற பகுதி இது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை, 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று வேலை வந்த வழியிலேயே ஆட்களும் வந்தார்கள். அங்கெல்லாம் இடம் விலையேறியபோது அடுத்த தலைமுறை இன்னும் வடக்கே தள்ளி மனை வாங்கியது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. வேதக்கோயில் மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் வளர்ந்தவர்களுக்கு இங்கே குடிவந்த முதல் ஞாயிறு தாங்க முடியாதது. அதனால் பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டில் மாலை ஜெபம் என்று காதில் விழுந்ததும் பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" என்பது. அடுத்த கேள்வியைச் சிலர் கேட்காமல் விடுவார்கள். சிலர் ஊர்ப்பெயரை வைத்தும், பெண் எடுத்த இடத்தை வைத்தும் சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்வார்கள். ஒரு புதிய சபையின் எதிர்காலம் பாதிக்கு மேல் அந்த அடுத்த கேள்வியில் தீர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். இந்த ஜனங்கள் புறப்பட்டு வந்த தெற்கின் பழைய கதையை அதற்காகவே மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் 1780-ல் ஒரு பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டது. அதில் 40 பேர் இருந்தார்கள். திருநெல்வேலிச் சபையின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் பலரும் அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியுடன் சேர்ந்து வாழ்ந்து, அவரிடமிருந்து கிறிஸ்தவத்தைக் கேட்டறிந்தவர். ஞானஸ்நானம் வேண்டும் என்று தஞ்சாவூர் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, மணமில்லாமல் சேர்ந்து வாழும் வரையில் முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல், பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சொந்தச் சாதி தள்ளி வைத்தது. வெள்ளைக்காரர் வட்டம் அவரை எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். சபையின் வாசலும் முதலில் மூடியே இருந்தது. மூன்று பக்கமும் இடமில்லாத ஒரு பெண்ணைச் சுற்றித்தான் அந்த நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

அவர்கள் ஒரே சாதிக்காரர்கள் இல்லை. பல சாதிகளிலிருந்து வந்தவர்கள். ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் பெயர் எழுதப்படுவதற்கு அந்த நாற்பது பேரும் சம்மதித்திருக்கிறார்கள். 1780-ன் திருநெல்வேலிச் சீமையில் இது சாதாரணச் சம்மதம் இல்லை. கிணறு வேறு, தெரு வேறு, சுடுகாடு வேறு என்றிருந்த ஊரில், ஒரே தாளில் வரிசையாக வருவது உடம்பால் செய்கிற காரியத்துக்குச் சமம். கோயில் கட்டியது அதற்குப் பிறகு. கிளாரிந்தா தன் பணத்தையும், ஆங்கிலேயர் சிலரிடம் வாங்கிய உதவியையும் வைத்துக் கட்டிய சிறு கோயிலை 1785-ல் ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றார்கள். இன்றும் அந்தப் பெயர்தான்.

கிளாரிந்தா கோயில் கட்டியதைவிடப் பெரிதாக நான் நினைப்பது இன்னொன்று. தஞ்சாவூர் வரை நேரில் போய், எங்களுக்கு ஓர் ஊழியர் வேண்டும் என்று கேட்டார். சத்தியநாதன் என்ற உபதேசியார் தெற்கே வந்தது அப்படித்தான். கற்றுக்கொடுக்க ஆள், பிள்ளைக்குப் பெயரிட ஆள், இறந்தவரை மண்ணில் வைக்க ஆள். வெள்ளானூரிலும் சரி, வேறெங்கும் சரி, ஒரு சபை முதலில் கேட்பது இதைத்தான். கட்டடம் கேட்பதெல்லாம் பிற்பாடு.

இதுவரை வந்த பெயர்களில் ஒரு பேராயர்கூட இல்லை. ஸ்வார்ட்ஸ் ஜெர்மானியர், லுத்தரன் சபைக்காரர். ஆனால் அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் பணம் கொடுத்தது லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கச் சங்கம். பேராயர்கள் உள்ள சபையின் பணத்தில், பேராயர் இல்லாத சபையின் குருமார் ஊழியம் செய்தார்கள். 1790-ல் தஞ்சாவூரில் சத்தியநாதனுக்கு லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. அன்றைக்கு அவர் தமிழில் செய்த பிரசங்கத்தை மொழிபெயர்த்து லண்டனில் அச்சிட்டதும் அதே ஆங்கிலிக்கச் சங்கம்தான். இந்தியாவில் ஆங்கிலிக்கப் பேராயரே அப்போது கிடையாது. முதல்வரான மிடில்டன் கல்கத்தாவுக்கு வந்தது 1814-ல். ஆகவே யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை. தமிழன் ஒருவன் குருவானதில் சங்கம் பெருமைப்பட்டது. இந்தப் பெருமையை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 45 வருஷம் கழித்து இது தலைகீழாகும்.

சத்தியநாதனுக்கு உதவியாக வந்த உள்ளூர்க்காரர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் தம் உறவுமுறைச் சாணார் ஜனங்களிடையே — இன்று நாடார் என்கிறோம் — அவர் வேலை செய்தார். புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன, பனைக்குப் போக விடாமல் தடுக்கப்பட்டார்கள். ஒதுங்கித் தனியாகவே ஓர் ஊர் வேண்டும் என்று ஆனபோது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி ஒருவர் தந்த பணத்தில் நிலம் வாங்கப்பட்டது. 1799-ல் முதலூர் எழுந்தது. அதே வருஷம்தான் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கம்பெனியின் துப்பாக்கி ஒரு பக்கம், கம்பெனி அதிகாரியின் பணம் இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒரே சீமையில் ஒரே சமயத்தில் நடமாடின. இதைச் சொல்லாமல் முதலூரின் கதையைச் சொல்வது நேர்மை ஆகாது. அதேபோல, தேரிக்காட்டுப் பனையேறிக்குக் கம்பெனியைவிடப் பக்கத்தில் இருந்த அதிகாரம் பண்ணையாருடையது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. யாருடைய நிழலில் ஒதுங்கினார்கள் என்று அவர்களைக் கேட்பவர்கள், எந்த வெயிலிலிருந்து ஒதுங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

1802-ஐ ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஸ்வார்ட்ஸ் 1798-லேயே இறந்துவிட்டார். அவருடைய கூட்டாளி மிஷனெரிகளில் 1800-ல் யேனிக்கே, 1803-ல் கெரிக்கே. 1806-ல் கிளாரிந்தாவும் போனார். பிறகு வந்த பத்து வருஷம்தான் இந்த வரலாற்றில் என்னை அதிகம் இழுத்து வைத்துக்கொள்வது. அங்கேயே தங்கிய சங்கத்து மிஷனெரி இல்லை. பேராயர் எட்டாத தூரத்தில்கூட இல்லை, 1814 வரை அந்தப் பதவியே இங்கே பிறக்கவில்லை. சங்கத்திலிருந்து பணம் ஒழுங்காக வருவதில்லை. கொள்ளைக் காய்ச்சலும் பஞ்சமும் வந்து ஊர்களைத் துடைத்தன. பழைய தெய்வங்களிடம் திரும்பிப் போனவர்கள் பலர். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 1816-ல் கம்பெனியின் சாப்ளினாக ஜேம்ஸ் ஹஃப் பாளையங்கோட்டைக்கு வந்து விசாரித்தபோது, அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஏறக்குறைய 3,000 கிறிஸ்தவர்கள் இருப்பது தெரியவந்தது. அவர்களைக் கவனித்துவந்தவர்கள் ஒரு நாட்டுக் குருவும் சில உபதேசியார்களும்.

அந்தப் பத்து வருஷத்தில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். நற்கருணை எப்போதாவதுதான் கிடைத்திருக்கும். வேதப்புத்தகம் ஊருக்கு ஒன்று இருந்தாலே பெரிது. பனையோலைக் கூரை போட்ட ஜெபவீட்டில் உபதேசியார் ஒரு வாக்கியம் சொல்ல, எழுத்துத் தெரியாத ஜனங்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். பகலில் அதே கூரையின் கீழ் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். உபதேசியாருக்கும் சம்பளம் நின்றுபோயிருந்த மாதங்களில் அவர் சாப்பிட்டது அந்த ஜனங்களின் கஞ்சியை. இவர்களில் ஒருவர் பெயரையும் எந்தப் பேராலயத்துச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

1820-ல் ரேனியஸ் வந்தார். சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ், பிரஷ்ய நாட்டுக்காரர், லுத்தரன் பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்க மிஷனின் ஊழியர். தமிழ் இலக்கணமும், 1832-ல் 'பூமிசாஸ்திரம்' என்ற நூலும் எழுதியவர். 1826-ல் பாளையங்கோட்டையில் அவர் கட்டிய தூய திரித்துவ ஆலயம் இன்று பேராலயம். துன்புறுத்தப்பட்ட ஜனங்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற 1830-ல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். உதவிப் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரால் டோனாவூர் எழுந்தது. 1835-க்குள் இருநூறுக்கு மேற்பட்ட ஊர்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்கள் அவருடைய கவனிப்பில் இருந்தார்கள்.

இவ்வளவு ஊர்களுக்கு நற்கருணை கொடுக்கக் குருமார் வேண்டும். உபதேசியார்கள் சிலருக்கு, தாம் பெற்ற லுத்தரன் முறையிலேயே, பேராயர் இல்லாமல் பட்டம் கொடுக்க ரேனியஸ் விரும்பினார். சி.எம்.எஸ். ஒப்பவில்லை. கல்கத்தாவில் இப்போது பேராயர் இருக்கிறார், அவர் கை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றது. ரேனியஸ் ஆங்கிலிக்கச் சபையின் அமைப்பையே விமர்சித்து எழுதியதும் விவகாரம் முற்றிப்போய், 1835-ல் அவரை வேலையிலிருந்து விலக்கினார்கள். அந்த வருஷமே சென்னைக்கும் முதல் பேராயராக டேனியல் காரி வந்தார். 1790-ல் பெருமையாக இருந்தது, 1835-ல் குற்றமாகியிருந்தது. இடையில் மாறியது பேராயர் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்.

சபைகள் இரண்டுபட்டன. உபதேசியார்களில் பலர் ரேனியஸோடு போனார்கள். ஒரே ஊரில் இரண்டு ஜெபவீடு, ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சி. 1838-ல் அவர் இறந்து பாளையங்கோட்டையிலேயே அடக்கமான பிறகு காயம் மெதுவாக ஆறி, அந்த ஜனங்கள் திரும்பி வந்து சேர்ந்தார்கள். தென்னிந்தியாவில் பேராயரின் கையால் பட்டம் பெற்ற முதல் இந்தியக் குருவான ஜான் தேவசகாயம் கடாட்சபுரத்தில் மறுபக்கம் நின்றவர். அவரும் நல்ல மேய்ப்பர்தான். நியாயம் யார் பக்கம் என்று இத்தனை வருஷம் கழித்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. என் மனம் ரேனியஸ் பக்கம் சாய்கிறது. பசித்திருந்தவை சபைகள், சட்டம் பேசியவர்கள் தூரத்தில் இருந்தார்கள்.

ஆனால் அந்தத் தூரமே ஒரு சமயம் கைகொடுத்ததையும் மறைக்கக் கூடாது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும்; தனித்தனியாக உட்காருவதும், நற்கருணைப் பாத்திரத்தில் தனித்தனியாகப் பானம் பண்ணுவதும் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரில் அது படிக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கானவர்கள் கோயிலை விட்டு வெளியேறினார்கள். பழைய லுத்தரன் மிஷனெரிகள் பக்குவமாக விட்டுப்பிடித்த காரியத்தை, ஊர் உறவு எதுவும் இல்லாத ஒரு வெளிநாட்டுப் பேராயர் தொட்டுவிட்டார். உள்ளூரில் எல்லோருக்கும் வேண்டியவராக இருப்பவரால் செய்ய முடியாததைச் செய்யத்தானே தூரத்தில் ஒரு பதவி இருக்கிறது. அது மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. தெற்கே இன்றும் சாதி பார்த்து நிரம்பும் கோயில்கள் உண்டு. பேராய மன்றத் தேர்தல் நெருங்கும்போது யார் எந்தப் பக்கம் என்ற கணக்கு வெளிப்படையாகவே நடக்கிறது. நாற்பது பேரின் தாளில் நடந்ததை, இருநூறு வருஷத்துப் பேராயமும் பெரும்படிப்பும் கட்டிக்காக்கவில்லை. எனக்கு இது தீராத துக்கம்.

அந்தத் தூரத்துப் பதவிக்கு ஒருநாள் இந்தத் தெற்கத்திக்காரரும் வந்தார். வெள்ளாளன்விளையில் கிராமக் குருவானவர் ஒருவருக்கு 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கச் சபையின் முதல் இந்தியப் பேராயர். எதிர்ப்பு வெள்ளைக்காரரிடமிருந்து மட்டும் வரவில்லை. சாதியை மனத்தில் வைத்துத் தென்தமிழ்க் கிறிஸ்தவர்களும் முணுமுணுத்தார்கள். இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், உங்கள் தியாகங்களுக்கு நன்றி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற பொருளில் பேசி மேடையை அதிரவைத்தவர் அவர். தம் பேராயமான தோர்ணக்கல்லில், தெலுங்கு பேசும் ஏழை ஜனங்களிடையே வாழ்ந்து தீர்ந்தார். பேராயர் என்பவர் கிராமத்தின் மண்சாலையில் மாட்டுவண்டியில் வருகிறவராகவும் இருக்கலாம் என்று அவர் வாழ்க்கை காட்டியது.

1919-ல் தரங்கம்பாடியில் கூடிய சிறு கூட்டத்தில் அசரியா முன்னின்றார். தென்னிந்தியாவின் பல சபைகளும் ஒன்றாக வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. பேசி முடிக்க 28 வருஷம் ஆயிற்று. இடறிய கல் பழைய கல்தான்: பேராயர் கை வைக்காமல் பட்டம் பெற்றவர்களைக் குரு என்று ஏற்பதா? 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் ஏற்கெனவே ஒன்றாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, ஏற்பது என்றே முடிவானது. இனிமேல் பட்டம் பேராயர் கையால். இதுவரை வேறு விதமாகப் பெற்றவர்களும் குருமாரே, அவர்களுக்கு மறுபட்டம் வேண்டாம். ரேனியஸ் கேட்டதற்கு 112 வருஷம் கழித்துக் கிடைத்த பதில் அது என்று நான் வாசிக்கிறேன். அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945-ன் முதல் நாளே இறந்துவிட்டார். இங்கிலாந்துச் சபை இந்த முடிவை முழு மனத்தோடு ஏற்கவில்லை, எஸ்.பி.ஜி. என்ற பழைய ஆங்கிலிக்க மிஷன் தன் உதவியை விலக்கிக்கொண்டது. ஆந்திரத்தில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர், பேராயரில்லாப் பட்டத்தை ஏற்க மனமில்லாமல் ஆண்டுக்கணக்கில் சேராமல் நின்றார்கள்.

அன்று அபிஷேகமான புதிய பேராயர்களில் ஒருவரான லெஸ்லி நியூபிகின், 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். ஆலைகளும் குடிசைகளும் பெருகிய நகரத்தில் சபைக்கு என்ன வேலை என்று கேட்டவர். நகரத்தின் மேற்குப் பக்கம் ஆலைச் சங்கொலிக்கு எழுந்து ஆலைச் சங்கொலிக்குத் திரும்பும் ஊராகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

இப்போது வெள்ளானூரில், முன்னறைகளில், மறுபடி ஆரம்பத்திலிருந்து நடக்கிறது. கொஞ்ச நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வரும். யார் வந்தார்கள், யார் வீட்டில் அடுத்த ஜெபம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள். ஊரில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியாக எடுத்துவைத்த அம்மாக்களின் மகள்கள் அதை எழுதுகிறார்கள். தெரிந்த முகம், தெரிந்த ஊர் என்று மட்டும் எழுதிக்கொண்டே போனால் அந்த நோட்டு ஒரு சொந்தக்காரர் சங்கத்தின் நோட்டாகிவிடும். ஆந்திரத்துச் சித்தாள் குடும்பம், திருவள்ளூர்ச் சேரியிலிருந்து வரும் பிள்ளைகள், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் கல்லூரி மாணவி, இவர்கள் பெயரும் அதே பக்கத்தில், அதே மையில் வரவேண்டும். அதற்குப் பேராயரின் அனுமதி தேவையில்லை. கோயில் கட்டி, சேகரமாகி, தேர்தல் வந்த பிறகு இதைச் செய்வது மிகக் கடினம், இப்போது செய்யலாம்.

நோட்டு எழுதுகிறவர்கள் பெண்கள் என்றேன். கமிட்டி வந்ததும் அவர்கள் எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது. ஒரு பெண்ணைச் சுற்றித் தொடங்கிய சபைக்கு, பெண் ஒருவர் பலிபீடத்தில் நிற்கலாம் என்று ஒப்புக்கொள்ள 1976 வரை ஆயிற்று. அந்த ஆண்டு தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது. அதன் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா 2013-ல் அபிஷேகம் பெற்றார். அவர் பொறுப்பேற்ற பேராயம் நந்தியால். யார் கை வைத்தால் செல்லும், யார் கை வைத்தால் செல்லாது என்று 1947-க்குப் பின்னும் தனித்து நின்ற அதே நந்தியால்.